பாத்திரம் அடைத்தவர் எழுதிய புத்தகம்

பெரிய படிப்புப் படித்தவர்கள்தாம் பெரிய புத்தகம் எழுத முடியும் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். நாமெல்லாம் உழைத்துச் சாப்பிடுகிற ஆட்கள், பேச்சும் எழுத்தும் நமக்கு எதற்கு என்று ஒதுங்கிக்கொள்கிறவர்களும் உண்டு. இந்த எண்ணம் பிசகு என்று காட்டிவிட்டுப் போனவர்கள் உலகத்தில் பலர். அவர்களுள் ஒருவர், முந்நூறு ஆண்டுகளுக்கும் முன்னால் இங்கிலாந்தில் ஊர் ஊராக நடந்து ஓட்டைப் பாத்திரம் அடைத்துப் பிழைத்த ஜான் பன்யன். அவர் ஒரு கிறிஸ்தவப் போதகர். நாம் எந்தச் சமயத்தைச் சேர்ந்தவர்களாக இருந்தாலும் அவருடைய வாழ்க்கையில் நாமும் நம் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

பிறப்பும் பள்ளியும்

இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு என்ற நகரத்துக்குப் பக்கத்தில் எல்ஸ்டோ என்று ஒரு சின்னக் கிராமம். அங்கே 1628ஆம் ஆண்டில் ஜான் பன்யன் பிறந்தார். தகப்பனார் தாமஸ், பித்தளைச் சட்டி, செம்புக் கெண்டி முதலியவற்றை அடைத்துப் பழுது பார்க்கும் தொழிலாளி. இருக்க ஒரு குடிசை இருந்தது. அதற்கு மேல் சொல்லிக்கொள்ளும்படி சொத்து எதுவும் இல்லை.

ஆனாலும் அந்தத் தகப்பனும் தாயும் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். மகனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகள் எழுத்து வாசனை இல்லாமலே வளர்ந்த காலம் அது. பன்யன் எழுதவும் படிக்கவும் கற்றுக்கொண்டார். ஆனால் சீக்கிரமே தகப்பனோடு தொழிலுக்குப் போக வேண்டியதாயிற்று. கற்றதில் பெரும்பகுதி மறந்தே போயிற்று என்று பிற்காலத்தில் அவரே எழுதி வைத்திருக்கிறார். பள்ளியில் அவர் பரிசு வாங்கியதாக யாரும் எழுதவில்லை.

1644ஆம் ஆண்டு அவருக்குப் பொல்லாத ஆண்டாக வந்தது. ஜூன் மாதம் தாய் இறந்தார். அடுத்த மாதமே தங்கை மார்கரெட் இறந்தாள். துக்கம் ஆறுமுன்னே, ஆகஸ்டு மாதம், தகப்பனார் வேறு கல்யாணம் செய்துகொண்டார். பதினாறு வயது நிரம்பும் சமயத்தில் பையன் பட்டாளத்தில் சேர்ந்தான். இங்கிலாந்தில் அப்போது அரசனுக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. பன்யன் இருந்தது நாடாளுமன்றத்தின் படையில். நியூபோர்ட் பாக்னல் என்ற ஊர்க் கோட்டையில் ஏறக்குறைய மூன்று ஆண்டு இருந்தார். ஒருமுறை, முற்றுகைக்குப் போக வேண்டிய அவருக்குப் பதிலாக இன்னொருவன் தானே கேட்டுப் போனான். போன இடத்தில் காவல் நிற்கும்போது தலையில் குண்டு பட்டு அவன் செத்தான். பன்யனுக்கு வர வேண்டிய சாவை அவன் வாங்கிக்கொண்டான்.

சீதனமாக வந்த இரண்டு புத்தகம்

போர் முடிந்து ஊர் திரும்பியவர் பழைய தொழிலையே செய்தார். முதுகில் கருவிகளைச் சுமந்துகொண்டு கிராமம் கிராமமாக நடந்தார். அவருடைய பெயர் வெட்டிய கனத்த இரும்பு அடைகல் ஒன்று பெட்ஃபோர்டில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது.

1649ஆம் ஆண்டு வாக்கில் அவருக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண்ணும் ஏழை, மாப்பிள்ளையும் ஏழை. இருவருக்கும் சேர்த்து வீட்டில் ஒரு தட்டும் கரண்டியும்கூட ஒழுங்காக இல்லை. பெண் கொண்டு வந்த சீதனம் என்ன தெரியுமா? இரண்டே இரண்டு புத்தகம்! சாகும்போது அவளுடைய தகப்பனார் விட்டுப்போன பக்தி நூல்கள் அவை. ஒன்று ஆர்தர் டென்ட் எழுதியது, மற்றது லூயிஸ் பெய்லி எழுதியது. வேலை முடிந்து வந்த பிறகு கணவனும் மனைவியும் அவற்றைச் சேர்ந்து படித்தார்கள். மறந்துபோன எழுத்து பன்யனுக்குத் திரும்பி வந்தது. அந்தப் பெண்ணின் பெயரைக்கூட யாரும் குறித்து வைக்கவில்லை. பின்னாளில் உலகம் படித்த ஓர் எழுத்தாளரை முதலில் வாசிக்க உட்கார வைத்தவள் அவள்தான்.

1650இல் அவர்களுக்கு மூத்த மகள் பிறந்தாள். பெயர் மேரி. குழந்தைக்குப் பிறவியிலேயே கண் தெரியவில்லை.

வாசற்படியில் கேட்ட பேச்சு

இளம் வயதில் பன்யன் அப்படி ஒன்றும் சாது அல்ல. வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆட்டபாட்டம். அப்படிப்பட்டவர் ஒரு நாள் வேலை விஷயமாகப் பெட்ஃபோர்டுத் தெருவில் போய்க்கொண்டிருந்தார். ஒரு வீட்டு வாசலில் மூன்று நான்கு ஏழைப் பெண்கள் வெயில் காய்ந்தபடி கடவுளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய முகத்தில் இருந்த சந்தோஷமும், படிக்காத அந்தப் பெண்கள் தங்கள் சொந்த வார்த்தையில் பேசிய தெளிவும் அவரைக் கட்டிப்போட்டன. நின்று கேட்டார். திரும்பத் திரும்ப அங்கே போனார்.

அந்தப் பெண்கள் தூய்மைவாதிகள் எனப்பட்ட பிரிவினரைச் சேர்ந்தவர்கள். ஆடம்பரச் சடங்குகள் வேண்டாம், வேதத்தில் உள்ளபடி எளிமையாக வழிபட வேண்டும் என்பது அவர்களுடைய கொள்கை. அவர்களுடைய சபைக்கு ஜான் கிஃபர்டு என்பவர் போதகர். பன்யன் அந்தச் சபையில் சேர்ந்தார். 1655ஆம் ஆண்டு வாக்கில் தாமே எழுந்து பேசத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் முதல் புத்தகமும் வெளிவந்தது. குவேக்கர் என்ற இன்னொரு பிரிவினரைக் கண்டித்து எழுதிய நூல் அது. அந்தக் காலச் சமயச் சண்டையின் சூடு அவரிடமும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

பாத்திரம் அடைக்கிறவன் பிரசங்கம் பண்ணுகிறானாம் என்று வேடிக்கை பார்க்கவே முதலில் கூட்டம் கூடியது. வந்தவர்கள் கேட்டார்கள். கேட்டவர்கள் மறுபடியும் வந்தார்கள். சந்தையில், அடுப்படியில், வயல் வரப்பில் ஜனங்கள் பேசுகிற பேச்சிலேயே அவர் பேசினார். அதுதான் இரகசியம்.

ஒரு வார்த்தை சொன்னால் விடுதலை

1658இல் முதல் மனைவி இறந்துவிட்டார். சிறு பிள்ளைகள் நால்வர். அடுத்த ஆண்டு எலிசபெத் என்ற பெண்ணை மணந்தார். 1660இல் நாட்டின் நிலைமை தலைகீழாக மாறியது. இரண்டாம் சார்லஸ் அரசனாகத் திரும்பி வந்தான். அரசாங்கத் திருச்சபையின் அனுமதி பெறாதவர்கள் கூட்டம் கூட்டிப் பேசக்கூடாது என்று பழைய சட்டங்களைத் தூசு தட்டி எடுத்தார்கள்.

அந்த ஆண்டு நவம்பர் 12ஆம் தேதி லோயர் சாம்செல் என்ற சிற்றூரில் பன்யன் பேச ஏற்பாடாகியிருந்தது. பிடிக்க ஆணை பிறந்துவிட்டது என்று சிநேகிதர்கள் முன்கூட்டியே சொன்னார்கள். ஓடிப்போக நேரமும் இருந்தது. பன்யன் சற்று யோசித்தார். தாமே ஓடிவிட்டால் தம் பேச்சை நம்பியவர்கள் என்ன ஆவார்கள் என்று நினைத்தார். கூட்டத்தைத் தொடங்கினார். பேச்சு முடியுமுன்னே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

1661 ஜனவரியில் விசாரணை நடந்தது. மூன்று மாதம் சிறை. அதற்குப் பிறகும் பேச்சை விட மறுத்தால் நாடு கடத்தல். அனுமதியில்லாமல் திரும்பி வந்தால் தூக்கு. இதுதான் தீர்ப்பு. இனிமேல் கூட்டத்தில் பேச மாட்டேன் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். பன்யன் சொல்லவில்லை. இன்றைக்கு விட்டால் நாளைக்கே பேசுவேன் என்று பதில் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து நீதிமன்ற எழுத்தர் பால் காப் என்பவர் சிறைக்கே வந்து நயமாகப் பேசிப் பார்த்தார். அக்கம்பக்கத்தாருக்குத் தனியாகப் புத்தி சொல்லிக்கொள்ளலாம், கூட்டம் மட்டும் வேண்டாம் என்றார். ஒருவருக்குச் சொன்னால் நல்லதாக இருப்பது பலருக்குச் சொன்னால் மட்டும் எப்படிக் கெட்டதாகும் என்று பன்யன் திருப்பிக் கேட்டார். மூன்று மாதத் தண்டனை பன்னிரண்டு ஆண்டுகளாக நீண்டது.

எலிசபெத் அம்மாள்

இதைப் படிக்கும் தாய்மார்கள் ஒன்று கேட்கலாம். கொள்கை கொள்கை என்று இவர் உள்ளே உட்கார்ந்துவிட்டால், வெளியே பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றுவது யார்? நியாயமான கேள்விதான். பன்யனும் அதையே இரவும் பகலும் தம்மைக் கேட்டுக்கொண்டார்.

கணவரைப் பிடித்த செய்தி வந்தபோது எலிசபெத் நிறைமாதம் ஆகாத கர்ப்பிணி. அதிர்ச்சியில் வலி கண்டது. எட்டு நாள் துடித்தார். பிறந்த குழந்தை இறந்துவிட்டது. தாம் பெறாத நான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, அண்டை அயலார் கொடுத்ததில் காலம் தள்ளினார்.

ஆனால் அழுதுகொண்டே மூலையில் உட்கார்ந்துவிடவில்லை அந்த அம்மாள். லண்டனுக்குப் போய் மனுக் கொடுத்தார். 1661 ஆகஸ்டில் பெட்ஃபோர்டுக்கு நீதிபதிகள் வந்தபோது மீண்டும் மீண்டும் முயன்றார். ட்விஸ்டன் என்ற நீதிபதியின் வண்டிக்குள்ளேயே மனுவை எறிந்தார். அவர் சீறி விழுந்தார். கடைசியில், ஸ்வான் என்ற விடுதியில் நீதிபதிகளும் ஊர்ப் பெரிய மனிதர்களும் கூடியிருந்த கூடத்துக்குள் துணிந்து நுழைந்து நியாயம் கேட்டார். பிள்ளைகள் நால்வர், ஒன்றுக்குக் கண் இல்லை என்று எடுத்துச் சொன்னார். மேத்யூ ஹேல் என்ற நீதிபதி மனம் இளகினார். உன் புருஷனுக்கு என்ன தொழில் என்று கேட்டார். பாத்திரம் அடைக்கிறவன் என்று கூட்டத்தில் சிலர் இளக்காரமாகக் குரல் கொடுத்தார்கள். எலிசபெத் தலை குனியவில்லை. ஆமாம், அவர் அந்தத் தொழில் செய்கிற ஏழை என்பதால்தான் அவமதிக்கிறீர்கள், அதனால்தான் அவருக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார்.

வழக்கின் ஆணிவேரே அதுதான். பேசியது என்ன என்பதைவிட, பேசியவன் யார் என்பதே அந்தப் பெரிய மனிதர்களுக்கு உறுத்தியது. ஹேல் வழி சொன்னாரே தவிர, விடுதலை கிடைக்கவில்லை. எலிசபெத் கண்ணீரோடு திரும்பினார்.

சிறையில் வேலை, சிறையில் எழுத்து

சிறையில் பன்யன் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அந்தக் காலத்து உடைகளுக்கு நீண்ட நாடாக்கள் வேண்டும். இப்போது சப்பாத்துக் கயிற்றின் நுனியில் இருக்கிறதே, அதுபோல நாடாவின் நுனியில் உலோக முனை பொருத்த வேண்டும். அந்த வேலையை எடுத்துச் செய்தார். ஒரு குரோஸ் என்றால் 144. அப்படி நூற்றுக்கணக்கான குரோஸ் நாடாக்களுக்கு முனை பொருத்தி, வந்த காசை வீட்டுக்கு அனுப்பினார்.

கண் தெரியாத மேரியின் நினைவுதான் அவரை அதிகமாக வதைத்தது. காற்று அடித்தால்கூடத் தாங்க முடியாத தம் பிள்ளை இனிப் பசியும் குளிரும் அடியும் பட வேண்டுமே என்று நினைக்கும்போதெல்லாம் எலும்பிலிருந்து சதையைப் பிய்த்து எடுப்பதுபோல் வலித்தது என்ற பொருளில் எழுதியிருக்கிறார். அந்தச் சிறுமியே தட்டுத் தடுமாறித் தகப்பனுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பாள் என்று அந்த ஊரில் வழிவழியாகச் சொல்வார்கள்.

அவர் பயமே இல்லாத வீரர் என்று யாரும் நினைக்க வேண்டாம். தூக்குமேடை ஏணியில் ஏறும்போது கால் நடுங்கிவிடுமோ, பார்க்கிறவர்கள் சிரிப்பார்களோ என்று பயந்ததையும் ஒளிக்காமல் எழுதினார். பயம் இருந்தது. பயத்தோடேயே நின்றார்.

வேதாகமமும், சமயத்துக்காக உயிர்விட்டவர்களைப் பற்றி ஜான் ஃபாக்ஸ் எழுதிய பெரிய நூலும்தான் சிறையில் அவருக்குத் துணை. உடனிருந்த கைதிகளுக்குப் போதித்தார். கையில் கிடைத்த நேரத்தில் எழுதினார். 1666இல், தம் மனப் போராட்டங்களைச் சொல்லும் தன்வரலாற்று நூலை வெளியிட்டார். மேலே சொன்னவற்றில் பல அந்த நூலிலிருந்துதான் நமக்குத் தெரிகின்றன.

1672இல் அரசன் சட்டத்தைத் தளர்த்தினான். முப்பத்திரண்டு வயது வாக்கில் உள்ளே போனவர் நாற்பத்து மூன்று வயதில் வெளியே வந்தார். அவருடைய சபையார் ஒரு பழத்தோட்டத்திலிருந்த தானியக் கொட்டகையை வாங்கிக் கூடமாக்கினார்கள். அதுவே அவருடைய பிரசங்க மேடை. சில ஆண்டு கழித்து மறுபடியும் சுமார் ஆறு மாதம் சிறையில் போட்டார்கள். அதையும் தாங்கினார்.

முதுகில் மூட்டை சுமந்தவன் கதை

1678ஆம் ஆண்டில் லண்டனில் நத்தானியேல் பாண்டர் என்ற பதிப்பாளர் ஒரு சிறு புத்தகத்தை வெளியிட்டார். விலை ஒன்றரை ஷில்லிங். பெயர் பில்கிரிம்ஸ் புரோகிரஸ். தமிழில் மோட்சப் பிரயாணம் என்று வழங்குவது இதுதான். இதன் பெரும்பகுதி சிறையிலேயே எழுதப்பட்டது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அச்சிடலாமா என்று பன்யன் சிநேகிதர்களைக் கேட்டார். சிலர் போடு என்றார்கள், சிலர் வேண்டாம் என்றார்கள். தெய்வ காரியத்தைக் கதையாகச் சொல்வதா என்று அவர்களுக்குத் தயக்கம். பன்யன் போட்டுவிட்டார்.

கதை இதுதான். கந்தல் உடுத்த ஒரு மனிதன். கையில் ஒரு புத்தகம், முதுகில் இறக்க முடியாத ஒரு மூட்டை. அவனுடைய ஊர் அழியப் போகிறது என்று தெரிந்து மோட்ச நகரத்தைத் தேடிப் புறப்படுகிறான். வழியில் அவநம்பிக்கை என்னும் சேற்றுக் குழியில் விழுகிறான். சிலுவையண்டை வந்ததும் மூட்டை தானாக விழுந்துவிடுகிறது. சிலுவையண்டை வந்ததும் மூட்டை தானாக விழுந்துவிடுகிறது. மாயச் சந்தை ஒன்றில், அங்குள்ள சரக்கை வாங்க மறுத்ததற்காக அவனையும் அவன் தோழனையும் பிடித்து வழக்குப் போடுகிறார்கள். பொய்ச் சாட்சி, வெறுப்பே உருவான நீதிபதி, தோழன் கொல்லப்படுகிறான். நீதிமன்றத்தில் நின்றவர் எழுதியதல்லவா, உயிரோடு இருக்கிறது!

பிறகு விரக்தி என்னும் அரக்கன் அவனையும் இன்னொரு தோழனையும் கோட்டையில் அடைத்துப் போடுகிறான். அடியும் பட்டினியும். செத்துவிடலாமா என்றுகூட நினைக்கிறான். நாலாம் நாள்தான் அவனுக்கு ஞாபகம் வருகிறது. வாக்குறுதி என்னும் சாவி முதலிலிருந்தே அவன் மடியில் இருக்கிறது! அதைப் போட்டுத் திறந்து வெளியே வருகிறார்கள்.

சேறு, மேடு, சந்தை, கோட்டை எல்லாம் பன்யன் சுமையோடு நடந்து பார்த்த உலகம். மனிதர்களும் அப்படியே. பிடிவாதக்காரன், வாயாடி, பேச்சுக்குப் பேச்சு வளைகிறவன் என்று ஒவ்வொருவருக்கும் குணத்தையே பெயராக வைத்தார். எந்த ஊரில்தான் இவர்கள் இல்லை? அதனால்தான் பண்டிதர் முதல் பாமரர் வரை படித்தார்கள். அவர் வாழ்நாளிலேயே பதினொரு பதிப்பு வந்தது. 1692க்குள் ஏறத்தாழ ஒரு லட்சம் பிரதி இங்கிலாந்தில் விற்றது என்று அவருடைய நண்பர் சார்லஸ் டோ எழுதினார். அவர் சீப்புச் செய்யும் தொழிலாளி. பன்யனின் நூல்களைத் திரட்டி அச்சிட முன்னின்றவரும் அவரே.

முதல் பாகத்தில் மனைவியையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டுக் கதாநாயகன் தனியே போகிறான். 1684இல் வந்த இரண்டாம் பாகத்தில் அந்த மனைவியும் நான்கு பிள்ளைகளும் அதே வழியில் புறப்பட்டுப் போகிறார்கள். எலிசபெத் பட்ட பாட்டைப் பன்யன் மறக்கவில்லை என்றே தோன்றுகிறது. 1686இல் சிறுவர் சிறுமியருக்கென்றே பாட்டுப் புத்தகம் ஒன்றும் எழுதினார். முட்டை, தவளை, தேனீ, நத்தை என்று பிள்ளைகள் கண்ணால் காண்பவற்றை வைத்தே அதில் புத்தி சொன்னார்.

தமிழுக்கு வந்த கதை

இந்நூல் இருநூறுக்கும் மேற்பட்ட மொழிகளில் பெயர்க்கப்பட்டிருக்கிறது. தமிழில் உரைநடையாக வந்ததோடு நிற்கவில்லை. திருநெல்வேலிச் சீமையில் கரையிருப்பு என்ற ஊரில் 1827இல் பிறந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, கம்பனில் தோய்ந்த புலவர். அவர் பன்யனின் கதையைத் தழுவி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் இரட்சணிய யாத்திரிகம் என்னும் காவியத்தைப் படைத்தார். அது 1894இல் வெளிவந்தது. கிறிஸ்தவக் கம்பர் என்று அவரைத் தமிழுலகம் போற்றுகிறது. எங்கோ எல்ஸ்டோவில் பாத்திரம் அடைத்தவர் சொன்ன கதை, கம்பன் நடந்த பாதையில் தமிழ்க் காவியமாக நடந்தது.

கடைசிப் பயணம்

வயதான காலத்தில் பன்யனுடைய பெயர் ஓங்கியது. லண்டனில் குளிர்காலத்து வேலை நாளில், காலை ஏழு மணிக்கு, அவர் பேச்சைக் கேட்க 1,200 பேர் கூடியதாகச் சார்லஸ் டோ குறித்திருக்கிறார். ஆனாலும் அவர் பெட்ஃபோர்டை விட்டுப் போகவில்லை.

1688ஆம் ஆண்டில் ஒரு தகப்பனுக்கும் மகனுக்கும் மனஸ்தாபம். மகன் வந்து கேட்டுக்கொண்டதால் பன்யன் குதிரையேறி ரெடிங் நகரத்துக்குப் போய் இருவரையும் சமாதானப்படுத்தினார். அங்கிருந்து லண்டனுக்குத் திரும்பும்போது கொட்டும் மழை. நனைந்த உடம்பில் காய்ச்சல் கண்டது. ஆகஸ்டு 31ஆம் தேதி, ஸ்னோ ஹில்லில் மளிகைக் கடை வைத்திருந்த ஜான் ஸ்ட்ரட்விக் என்ற நண்பரின் வீட்டில் உயிர் பிரிந்தது. அறுபது வயது நிறையவில்லை. பன்ஹில் ஃபீல்ட்ஸ் என்ற இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். உலகம் படித்த புத்தகத்தை எழுதியவர் விட்டுப்போன சொத்தின் மதிப்பு ஐம்பது பவுன்கூட இல்லை. அவரைச் சிறையில் அடைத்த அதே பெட்ஃபோர்டில் 1874இல் அவருக்குச் சிலை எழுப்பினார்கள்.

பெற்றோர்களே, பிள்ளைகளே!

பன்யன் வீட்டில் இருந்தவை இரண்டே புத்தகம். ஆனால் அவை அலமாரியில் தூங்கவில்லை. வேலை முடிந்து களைத்து வந்த இருவர் அவற்றைச் சேர்ந்து உட்கார்ந்து படித்தார்கள். அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பமாயிற்று.

பரிசளிப்பு விழாவில் சில பிள்ளைகள் கையில் பரிசுப் புத்தகத்தோடு வீட்டுக்குப் போவார்கள். பல பிள்ளைகள் வெறுங்கையோடு போவார்கள். யாரும் வருத்தப்பட வேண்டாம். பரிசு வாங்கிய பிள்ளை அந்தப் புத்தகத்தை அன்று இரவே அப்பா அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டட்டும். வாங்காத பிள்ளை பக்கத்து வீட்டுக்குப் போய்க் கேட்டு வாங்கிப் படிக்கட்டும். படிக்கத் தெரியாத பெற்றோர் வேலைக் களைப்பைப் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். நாம் பேசுகிற தமிழ் சாதாரணத் தமிழ்தானே என்று கூச்சப்படாதீர்கள். வாசற்படியில் உட்கார்ந்து ஏழைப் பெண்கள் பேசிய பேச்சுத்தான் பன்யனுக்கு வழி காட்டியது.